தெருப்புகையும் சிறுவர் உள்ளமும்

"நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்பது நெசவாளர் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் மொழி. நூல் எத்தகையதோ அத்தகையதே துணி. பாவில் நேர்ந்த குறையை ஊடையால் மறைத்துவிட இயலாது என்பதைத் தறியில் அமர்ந்தவர் எவரும் அறிவர். தொழிலில் இவ்வளவு தெளிவாக அறிந்த இவ்வுண்மையை, பிள்ளை வளர்ப்பில் நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம். நம் பிள்ளைகளின் உள்ளம் வீட்டில் மட்டும் நெய்யப்படுவதன்று. தெருவிலும், தேநீர்க் கடை வாயிலிலும், பேருந்து நிற்குமிடத்திலும் அது நாள்தோறும் நெய்யப்பட்டு வருகின்றது. அவ்விடங்களில் பெரியவர்கள் பீடியும் சிகரெட்டும் புகைப்பதனால் சிறுவர்க்கு விளைவது யாது, அதனைத் தடுக்க நம் சங்கத்தார் செய்யக்கூடியது யாது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தெருவே தொழிற்கூடம்

திருவள்ளூர் மாவட்டத்தில், பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்த பொதட்டூர்பேட்டை ஒரு நெசவூர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை இராஜ்யத்தோடு இணைந்தபோது, இவ்வூரும் நம்மோடு சேர்ந்தது. அன்றும் இன்றும் இவ்வூரின் உயிர்நாடி தறியே. கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகியபோதிலும், வீடும் தொழிலும் ஒன்றாகவே இருந்து வருகின்றன. சுற்றுப்புறக் கிராமங்களிலோ கரும்பும் வேர்க்கடலையும் நெல்லும் விளைகின்றன.

இத்தகைய ஊர்களில் தெரு என்பது வெறும் வழிநடை அன்று. பாவை நீட்டுவதும் கஞ்சியிட்டு உலர்த்துவதும் தெருவில் நடந்த தொழில்கள். தறிக்கூடத்தின் இரைச்சலினின்று சற்று ஓய்வு பெற விரும்புவோர் வெளியே வந்து நிற்பதும் தெருவில்தான். பிள்ளைகள் விளையாடுவதும், பள்ளிக்குச் செல்வதும், அந்தியில் திண்ணையில் அமர்ந்து பாடம் படிப்பதும் அதே தெருவில்தான். எனவே நெசவூரில் ஒருவர் வெளியே நின்று புகைக்கும்போது, அவர் சிறுவர்களின் நடுவிலேயே புகைக்கின்றார். நகரத்துப் பெருஞ்சாலையில் புகைப்பவரை விட இவர் சிறுவர்க்கு மிகவும் அண்மையில் இருக்கின்றார். அவர்களுக்கு நன்கு அறிமுகமானவராகவும் இருக்கின்றார்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கும் முயற்சி நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் வலுப்பெற்றது. 1999-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடங்களில் புகைப்பது பிறருடைய வாழ்வுரிமைக்கு ஊறு செய்வதாகும் என்று தீர்ப்பளித்தது. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், பொது ஊர்தி முதலிய இடங்களில் நாடெங்கும் புகைப்பதைத் தடைசெய்ய ஆணையிட்டது. பின்னர் 2003-ஆம் ஆண்டில் சிகரெட்டு மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் பற்றிய மத்தியச் சட்டம் வந்தது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, அதன் கீழ் அமைந்த புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இவற்றின்படி தொழிலிடங்கள், உணவகங்கள், அலுவலகங்கள், திரையரங்குகள் ஆகியவற்றில் புகைத்தல் குற்றம். 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பேருந்து நிறுத்தம், இரயில் நிலையம், திறந்தவெளி அரங்கு ஆகியவையும் தடைக்கு உட்பட்டவையே. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத் தொலைவுக்குள், அதாவது 300 அடிக்குள், எவருக்குமே விற்கக்கூடாது. சிறுவருக்குப் புகையிலைப் பொருள் கொடுப்போரை ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்கும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உள்ளாக்கலாம் என 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகின்றது.

சட்டம் இவ்வளவு விரிவாக இருந்தும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. 2003-ஆம் ஆண்டின் சட்டம் "பொது இடம்" என்பதற்கு இலக்கணம் கூறுகையில் திறந்தவெளியை விலக்கிவிட்டது. 2008-ஆம் ஆண்டின் விதிகள் பேருந்து நிறுத்தம் போன்ற சில வெளிகளைத் திரும்பவும் உட்படுத்தின. ஆயினும் குடியிருப்புத் தெரு, வீட்டுத் திண்ணை, களத்துமேடு, வயல்வரப்பு ஆகியவை அங்குப் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. இதனால் விளைந்தது யாது? தறிக்கூடம் தொழிலிடம் ஆதலின் அங்குப் புகைக்கலாகாது. பஞ்சும் நூலும் தீப்பற்றும் என்ற அச்சமும் உண்டு. தேநீர்க் கடைக்குள்ளும் புகைக்கலாகாது. எனவே புகைப்போர் தெருவுக்கு வந்தனர். கூடத்தினுள் இருந்த பெரியவர்களைக் காத்த விதி, தெருவில் இருந்த சிறியவர்களை மறந்துவிட்டது. சட்டம் விட்ட இடத்தை ஊர் வழக்கமே நிரப்பவேண்டும். இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

காற்றில் கலக்கும் தீங்கு

"திறந்தவெளியில் புகை காற்றோடு போய்விடுகின்றதே, அதனால் யாருக்கு என்ன கேடு?" என்று சிலர் வினவுவர். இவ்வினாவுக்கு நேர்மையான விடை தருதல் நம் கடமை. அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிடங்களில் புகையை அளந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, இரு செய்திகளைக் கூறிற்று. புகைப்பவருக்கு இரண்டு மூன்று அடிக்குள் இருப்பவர், காற்று வீசும் திசையில் அமைந்துவிட்டால், அறைக்குள் இருப்பதற்கு ஒப்பான புகையைச் சுவாசிக்க நேரும். ஆறேழு அடிக்கு அப்பால் சென்றாலோ, அல்லது சிகரெட்டை அணைத்துவிட்டாலோ, அப்புகை பெரிதும் குறைந்துவிடும்.

ஆகவே தொலைவில் நிற்கும் பிள்ளைக்கு உடற்கேடு குறைவு. அருகில் நிற்கும் பிள்ளைக்கு அது பொய்யன்று. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு திண்ணையில் புகைப்பவரும், பேரனைக் கைப்பிடித்து நடக்கையில் மறுகையில் பீடி வைத்திருப்பவரும் அந்த இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கின்றனர். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் ஏறக்குறைய 70 பொருள்கள் புற்றுநோய் விளைவிப்பவை என்றும் மருத்துவ அறிஞர் கணக்கிட்டுள்ளனர். குழந்தைகள் பெரியவர்களைவிட விரைந்து மூச்சு விடுகின்றனர். அவர்தம் நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. பிறர் விடும் புகையினால் குழந்தைகளுக்கு இழைப்பு மிகும், நெஞ்சுச் சளி நோய்கள் வரும், காதில் சீழ் கோக்கும் என்பன ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மைகள்.

மற்றொன்றும் உண்டு. எறியப்பட்ட துண்டு தரையில் கிடக்கின்றது. தவழும் குழந்தை கண்டதை வாயிலிடும். அத்துண்டில் எஞ்சிய நிக்கோட்டின் நஞ்சு சிறு குழந்தைக்கு வாந்தியும் மயக்கமும் உண்டாக்க வல்லது. கரும்புத் தோகையும் வைக்கோலும் காய்ந்து கிடக்கும் இடத்தில் அணையாத துண்டு என்ன செய்யும் என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கண்ணால் கற்கும் பாடம்

உடலுக்கு வரும் கேட்டினும் பெரியது உள்ளத்துக்கு வரும் கேடு. புகை ஆறடியில் கலைந்துவிடும். ஆனால் பார்வை தெருவின் கோடிவரை செல்லும். தகப்பனார் பீடி பற்றவைக்கும் விதம், புகையை ஊதும் விதம், நண்பரிடம் நெருப்பு வாங்கும் விதம் ஆகிய யாவற்றையும் பிள்ளை பார்க்கின்றது. கையில் ஒரு குச்சியையோ சுருட்டிய காகிதத்தையோ வைத்துக்கொண்டு அவ்வாறே செய்து காட்டுகின்றது. நாம் அதைக் கண்டு சிரிக்கின்றோம். அச்சிரிப்பே பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பாராட்டு.

2019-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே அரசினர் நடத்திய கணிப்பில், நூற்றுக்கு 8.5 பேர் அப்போது ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர் எனத் தெரியவந்தது. பழகியவர்கள் தொடங்கிய வயதைப் பார்த்தால் நெஞ்சம் துணுக்குறும். அவ்வயதின் நடுமதிப்பு சிகரெட்டுக்கு 11.5 ஆண்டு, பீடிக்கு 10.5 ஆண்டு. அதாவது பீடியைத் தொட்டவர்களுள் பாதிப்பேர் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பருவத்திலேயே அதைத் தொட்டுவிட்டனர். அவ்வயதில் ஒரு பிள்ளை விளம்பரம் படித்தோ, நெடுந்தொலைவு சென்றோ இப்பழக்கத்தைக் கற்பதில்லை. தன் கண்முன் நடப்பதைத்தான் கற்கின்றது.

பிள்ளையின் மனத்தில் தெருப்புகை எழுப்பும் பிழையான எண்ணம் ஒன்றுண்டு. "ஆண்பிள்ளையாக வளர்ந்தால் எல்லாரும் புகைப்பர்" என்பதே அது. உண்மை யாது? 2016-17-ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுக்கப்பட்ட கணிப்பின்படி, வயது வந்த ஆண்களுள் நூற்றுக்கு 19 பேரே புகைப்போர். எஞ்சிய 81 பேர் புகைப்பதில்லை. ஆனால் புகையாதவர் புகையாதிருப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. தெருவில் நிற்கும் பத்துப் பேரில் இருவர் புகைத்தால், பிள்ளை நினைவில் வைப்பது அவ்விருவரையே. சிறுபான்மையினரின் பழக்கம் பெரும்பான்மையினரின் இயல்பு போலத் தோன்றுவதற்குத் தெருவே காரணமாகின்றது. அப்பழக்கம் சிறுவர் கண்ணிலிருந்து நீங்கினால், அவ்வெண்ணமும் தளர்ந்துபோகும்.

இதனினும் கொடியது, "ஓடிப்போய் ஒரு கட்டுப் பீடி வாங்கி வா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வழக்கம். பீடியின் பெயரும் விலையும், கடைக்காரர் அதனை எங்கே வைத்திருப்பார் என்பதும் அப்பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கலாகாது என்னும் சட்டத்தைத் தகப்பனும் கடைக்காரரும் சேர்ந்து மீறுவதை அப்பிள்ளை நேரில் காண்கின்றது. நாளை தனக்காகவே வாங்கும்போது, "அப்பாவுக்கு" என்ற ஒரு சொல் போதும் என்பதையும் அது கற்றுக்கொள்கின்றது.

சில்லறையாக ஒன்றிரண்டு விற்பதும் இத்தகையதே. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து புகையிலைப் பெட்டிகளின் பரப்பில் நூற்றுக்கு 85 பங்கு எச்சரிக்கைப் படம் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. பெட்டியாக வாங்குவோர் அப்படத்தைப் பார்க்கின்றனர். ஒன்றை மட்டும் உருவி வாங்கும் சிறுவன் அதனைப் பார்ப்பதே இல்லை. அவன் சட்டைப்பையில் உள்ள சிறு காசுக்கும் அது எட்டிவிடுகின்றது.

சில ஆட்சேபங்கள்

"நாள் முழுதும் தறியில் உழைப்பவனுக்கு இது ஒன்றுதானே ஆறுதல்?" என்பர் சிலர். உழைப்பின் கடுமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் புகைத்தவுடன் கிடைக்கும் ஆறுதலிற் பெரும்பகுதி, முன்பு புகைத்ததால் உண்டான ஏக்கம் தணிவதே என மருத்துவர் கூறுவர். மேலும், பஞ்சுத் தூசியில் உழல்வோர் புகைக்கவும் செய்தால் நுரையீரல் இருமடங்கு சுமையைத் தாங்க நேரிடுகின்றது. எனவே நெசவாளருக்கு இப்பழக்கம் பிறரைக்காட்டிலும் மிகுதியாகத் தீங்கு செய்யும்.

"பிள்ளைகளுக்குத் தெரியாமல் புகைப்பது கபடம் ஆகாதா?" என்பது மற்றொரு கேள்வி. தீமை என்று தாமே அறிந்த ஒன்றைப் பிள்ளைகள் முன் செய்யாதிருப்பது கபடமன்று; கட்டுப்பாடு. "இது என்னைப் பிடித்துக்கொண்டது, நீ இதில் சிக்காதே" என்று மனம்விட்டுப் பிள்ளையிடம் கூறும் தகப்பனார், பொய் சொல்பவர் ஆகார். அவர் சொல்லும் செயலும் ஒன்றுபடும்போதுதான் அச்சொல் பிள்ளையின் உள்ளத்தில் தங்கும்.

புகையிலை பயிரிடுவோர், பீடி சுற்றுவோர் பிழைப்பு என்னாகும் என்று கேட்பாரும் உளர். திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்ப் பகுதியில் புகையிலை விளைவிப்போரும், வேலூர், திருநெல்வேலி வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. அவர்களுக்கு மாற்றுப் பயிரும் மாற்றுத் தொழிலும் காண்பது அரசினருக்கும் கூட்டுறவு இயக்கத்திற்கும் உள்ள பெரும் பொறுப்பு. அதற்காக நம் பிள்ளைகளை அத்தொழிலின் புதிய வாடிக்கைக்காரர்களாக வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவர்களே கூறமாட்டார்கள்.

பிற இடங்களில் நடப்பது

வெளியிடப் புகையைக் கட்டுப்படுத்துவது இயலாத செயல் அன்று என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், 2013-ஆம் ஆண்டு முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது நடைவழிகளிலும், பேருந்து நிழற்குடையைச் சுற்றி ஐந்து மீட்டர் தொலைவுக்குள்ளும் புகைக்கக்கூடாது. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் சியோதா என்னும் வட்டாரம், 2002-ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்ட தெருக்களில் புகைப்பதற்கு அபராதம் விதித்தது. நடப்பவர் கையில் தொங்கும் சிகரெட்டின் நெருப்பு, எதிரே வரும் சிறுவரின் முகத்துக்கு நேராக அமைகின்றது என்பது அந்நாட்டில் இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. பிரான்சு நாட்டில் 2025-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாளிலிருந்து பூங்கா, கடற்கரை, பேருந்து நிழற்குடை, பள்ளி வாயில் ஆகிய இடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. சிறுவரைக் காப்பதே இதன் நோக்கம் என அந்நாட்டு அரசு அறிவித்தது.

பெரிய நாடுகளின் செய்தி நமக்குப் பொருந்துமோ என ஐயுறுவோர், நாகாலாந்து மாநிலத்துக் கரிபேமா என்னும் சிற்றூரைப் பார்க்கலாம். 2014-ஆம் ஆண்டில் அது இந்தியாவின் முதல் புகையிலையற்ற கிராமமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விதியை வகுத்துக்கொண்டது ஊர்ச்சபை. ஊரார் தாமாகவே கூடி ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு ஆதலின் அதற்குத் தனி வலிமை உண்டாயிற்று. கூட்டுறவின் தத்துவமும் இதுவேயன்றோ?

சங்கங்கள் செய்யத்தக்கவை

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், பின்வரும் காரியங்களைப் பெரும் பொருட்செலவின்றித் தொடங்கலாம்.

1. சங்க அலுவலகம், கிடங்கு, விற்பனை நிலையம் ஆகியவற்றின் வாயிலில், 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில், புகைத்தல் குற்றம் என்னும் அறிவிப்புப் பலகையை வைத்தல். இது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. விதியால் நம்மீது சுமத்தப்பட்ட கடமை. சாம்பல் கிண்ணமும் தீப்பெட்டியும் அங்கு வைத்தலாகாது.

2. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுதல். "பிள்ளைகள் விளையாடும் தெருவிலும், பள்ளிக்குச் செல்லும் வழியிலும், சிறுவர் உடனிருக்கும் தொழிலிடத்திலும் புகையோம், பிள்ளைகளைப் பீடி வாங்க அனுப்போம்" என்று அங்கத்தினர் தாமே ஏற்றுக்கொள்வது தீர்மானத்தின் பொருளாக இருக்கலாம்.

3. புகைப்பழக்கத்தை உடனே விடமுடியாத அங்கத்தினருக்கு, வீடுகளுக்கும் சிறுவர் நடமாட்டத்திற்கும் அப்பால், நூலும் தோகையும் இல்லாத ஓர் இடத்தைக் குறித்தல். இவர்களை இகழ்வதும் ஒதுக்குவதும் தகாது. இவர்களிற் பலரும் சிறுவயதில் இத்தெருவிலேயே இப்பழக்கத்தைக் கற்றவர்கள் என்பதை மறத்தலாகாது.

4. பள்ளித் தலைமையாசிரியர், பேரூராட்சியார் ஆகியோருடன் கலந்து, ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 100 கெஜ எல்லையை அளந்து குறியிடுதல். அந்த எல்லைக்குள் உள்ள கடைக்காரர்களை முதலில் நேரிற் கண்டு பேசுதல் நன்று. அவர்களும் நம் ஊரார். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

5. விடவிரும்புவோர்க்கு உதவுதல். 1800-11-2356 என்பது அரசினரின் கட்டணமில்லாத தொலைபேசி எண். புகையிலையை விடுவதற்கு ஆலோசனை கூறுவர். விட்ட முதல் சில நாட்களும் வாரங்களுமே மிகக் கடினமானவை. அந்நாட்களில் உடன் தொழில் செய்வோரின் ஆதரவு பெருந்துணை ஆகும்.

6. மிச்சமாகும் பணத்தைச் சேமிப்பாக்குதல். நாளொன்றுக்கு 30 ரூபாய் புகையில் போகின்றதாகக் கொண்டால், ஆண்டுக்கு 10,950 ரூபாய் ஆகின்றது. அதனைப் பிள்ளையின் பெயரில் சேமித்துவந்தால், பள்ளிச் செலவில் ஒரு பகுதி அதிலேயே அடங்கும்.

முடிவுரை

உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் உயிரிழக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களிற் பெரும்பாலோர் இளமையிலேயே, பிறரைப் பார்த்தே இப்பழக்கத்தில் வீழ்ந்தவர்கள். 1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இன்றும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன. நோய் வந்தபின் செய்யும் மருத்துவம் செலவு மிக்கது, துன்பம் மிக்கது. பிள்ளை பழகுவதற்கு முன் செய்யும் தடுப்போ செலவற்றது.

தறியில் பாவு ஓடும்போதே அறுந்த இழையைப் பார்த்து முடிச்சிடுகின்றோம். துணியாகிய பின் அதனைத் திருத்த இயலாது என்பது நமக்குத் தெரியும். நம் தெருக்களில் ஓடியாடும் சிறுவர் யாவரும் இன்னும் பாவின் நிலையிலேயே இருக்கின்றனர். அவர்கள் கண்ணில் நல்லதே படவேண்டும் என்று நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் உறுதி கொள்வார்களாக. வரும் பொதுப்பேரவையில் இத்தீர்மானத்தை முன்மொழிந்து, முதலில் நம் தெருவிலிருந்தே தொடங்குவோமாக.